பெயர் வெட்டாத பாத்திரம்

ஆவுடையப்பன் செத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது. இன்னும் அவர் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல் வந்தபாடில்லை.

"ஏளா, அதெல்லாம் வேண்டாம்," என்றார் அன்றைக்கும்.

உலகம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எதிரே சுவரில் பதித்திருந்த திரையில் அப்பா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதே அரைக்கை வெள்ளைச் சட்டை, அதே திருநீறு, யாராவது பேசினால் இடது காதை லேசாகத் திருப்பிக்கொள்கிற அதே வழக்கம். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். எதைக் கேட்டாலும் காதைத் திருப்பி முழுக்கக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும் வேண்டாம் என்பார்.

"ஏன் வேண்டாம்ங்கிய? காரணத்தச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக்கு வாரவன் போறவன் எல்லாம் நம்ம கடைக்குள்ள படுத்துக் கெடந்தா பஜார்ல உள்ளவன் என்ன சொல்லுவான்? எல்லாரும் என்னையத்தான் ஏசுவான்."

"நீங்கதான் போய்ச் சேந்துட்டியளே! உங்கள எங்க வந்து ஏசுவான்?"

திரையில் இருந்தவர் இதற்குப் பதில் சொல்லவில்லை. திரையில் வருகிற இந்த மறுகுரலிடம் சாவைப் பற்றிப் பேசினால் அது பேசாமல் இருந்துவிடும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து திரையை இயக்குகிற ஜெபக்கனி தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. பக்கத்து ரூம்ல இன்னொரு குடும்பம் பேசிக்கிட்டு இருக்கு."

பக்கத்து அறையிலிருந்து யாரோ ஒரு கிழவர், வயலை எந்த அனாதை இல்லத்துக்குக் கொடுப்பது என்று செத்த பிறகும் மகன்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. உலகம்மை பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பதினோராவது தடவை. பாளையங்கோட்டையில் இருக்கிற இந்த மறுகுரல் மன்றத்தின் வாட்ச்மேன்கூட இப்போதெல்லாம் அவளிடம் டோக்கன் கேட்பதில்லை.

இந்தச் சட்டம் வந்த கதையே ஒரு கூத்து. அப்பன் தர்மத்துக்கு என்று எழுதி வைத்த இடத்தை, 'எந்தத் தர்மம் என்று சொல்லவில்லையே' என்று பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கி அதற்கே கொடுத்துக்கொண்டார்கள். நூறு வழக்கு, ஆயிரம் வழக்கு. கோர்ட்டுக்குப் பொறுமை போய்விட்டது. எந்தத் தர்மம் என்று கொடுத்தவரையே கேட்டுவிடுவோம் என்று அரசாங்கம் கிளம்பியது. அவர் செத்துப்போயிருந்தால் என்ன, அவருடைய செல்போன் சாகவில்லையே! இருபது, இருபத்தைந்து வருடமாக ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உட்கார்ந்து அவரவர் பேச்சை எல்லாம் ஒட்டுக்கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிற சாமானாயிற்றே. அதிலிருந்து ஆளைத் திருப்பி எடுத்தார்கள். அதற்கு மறுகுரல் என்று பெயர். மறுகுரல் சரி என்று சொன்னால்தான் சொத்து கைமாறும். ஒரு வருடத்துக்குள் சொல்லவில்லை என்றால் ஏலம் போட்டுப் பொதுநிதியில் சேர்த்துவிடுவார்கள். பொதுநிதி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆவுடையப்பன் விட்டுப்போனது பஜாரில் இருந்த பாத்திரக்கடை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில், மாடியோடு கூடிய பழைய கட்டடம். உயிலில் இரண்டே வரி எழுதியிருந்தார். 'கடையை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டியது. எதற்கு என்பது உலகம்மைக்குத் தெரியும்.'

"எனக்கு என்ன எழவு தெரியும்?" என்று வக்கீல் முன்னாலேயே கத்தினாள் உலகம்மை. ஐம்பத்தொரு வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் நல்ல காரியம், கெட்ட காரியம் எதைப் பற்றியும் வாயைத் திறந்ததில்லை. ரசீதுப் புத்தகத்தோடு எவனாவது கடைப்படி ஏறினால் வாயால்கூடப் போ என்று சொல்ல மாட்டார், புறங்கையால் காட்டுவார். கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தவர்களுக்கும் அதே புறங்கைதான். கஞ்சன் என்றால் கஞ்சன், அப்படி ஒரு கஞ்சன் என்று ஊரே சொன்னது. மகளும் அதையேதான் நினைத்தாள். சைக்கிள் கேட்டபோது வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனபோது வேண்டாம். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோதும் வேண்டாம். அதோடு அவரிடம் கேட்பதையே விட்டுவிட்டாள். கடைசியில் மின்வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தேழு வருடமாக ஊராரின் ஏச்சைக் காதில் வாங்கிக் கொண்டிருக்கிறாள்.

அந்த வேலையில் ஒரு நன்மை உண்டு. யார் நிஜமாகத் தவிக்கிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று குரலைக் கேட்டே சொல்லிவிடுவாள். கடை தர்மத்துக்குப் போகிறது என்ற செய்தி பரவியதும் ஒரே வாரத்தில் இருநூறு பேர் வந்து நின்றார்கள். நாய்க் காப்பகத்துக்காரன் ஒரு குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். ஒரு ஸ்தாபனம் அழுகிற குழந்தையின் முகத்தை மணிக்கு ஒரு தடவை அவள் செல்லுக்கு அனுப்பியது. விசாரித்தால், அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் வரைந்த குழந்தை.

உலகம்மை யாரையும் நம்பவில்லை. லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு இடமாக நேரில் போனாள். ஆபீஸ் அறையில் உட்காரவே மாட்டாள். நேரே சமையலறைக்கும் கக்கூஸுக்கும் போவாள். அந்த இரண்டையும் பார்த்தால் போதும், மிச்சத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கழித்துக் கழித்து நல்லவையாக ஏழெட்டு தேறின. மாலைநேரப் பள்ளிக்கூடம், கண் மருத்துவ முகாம், கைவிடப்பட்ட பெண்களுக்கான தையல் கூடம். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு நொட்டை சொன்னார். பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கும். கண் டாக்டர்மாருக்கு இல்லாத காசா? தையல் மிஷின் சத்தம் பக்கத்துக் கடைக்காரனுக்கு இடைஞ்சல்.

எட்டாவது மாதத்தில்தான் அந்த விடுதியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு வாடகை வீடு. சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க ஒரு இடம். படுக்கப் பாய், குடிக்கக் கஞ்சி, அவ்வளவுதான். புஷ்பம் என்று ஒரு ரிட்டயரான நர்ஸ் நடத்தினாள். வயது அறுபதைத் தாண்டியிருந்தும் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் இரண்டு பெரிய அண்டாக்கள் கொதித்தன. கக்கூஸ் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அதைக் கழுவிக் கொண்டிருந்தவனும் ஒரு நோயாளிதான். ஆலங்குளம் பக்கத்துக் கொத்தனார், கொம்பையா.

"அக்கா, மொதல்ல கஞ்சியக் குடிங்க, பொறவு கேள்வி கேளுங்க," என்றான் அவன். "சிஸ்டர்கிட்ட வெறும் வயித்தோட பேசினா உங்களையும் நோயாளின்னு நெனச்சு ஊசியப் போட்ருவாவ."

உலகம்மை சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

விடுதிக்கு நெருக்கடி இருந்தது. வீட்டுக்காரர் மாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார். கீழ்வீட்டையும் வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பதினான்கு பேர் படுத்த இடத்தில் இப்போது ஐந்து பேர்தான் படுக்க முடியும். மிச்சப் பேர் ஒவ்வொரு முறைக்கும் பஸ்ஸில் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியதுதான். கொம்பையா தன் பாயை ஒரு வயதான அம்மாளுக்குக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். பாத்திரக்கடை கிடைத்தால் முப்பது பேர் படுக்கலாம், ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை என்று உலகம்மைக்கு அன்றே தெரிந்தது. அன்றே போய் அப்பாவிடம் கேட்டாள். வேண்டாம் என்றார். இரண்டு மாதம் பொறுத்து மறுபடி போய்க் கேட்டதுதான் இந்தப் பதினோராவது தடவை. பஜார்க்காரன் ஏசுவானாம்!

மூன்றாம் நாள் புஷ்பத்திடமிருந்து போன் வந்தது.

"கொம்பையா போய்ட்டாம்மா," என்றாள். குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. "வியாழக்கெழம பஸ் ஓடல. முறையத் தவற விட்டுட்டான். சனிக்கெழம வாரேன்னான். வார வழியில பஸ்லயே மூச்சு நின்னுட்டு. கண்டக்டர் தூங்குதான்னு நெனச்சிருக்கான். சீதபற்பநல்லூர் தாண்டித்தான் பாத்திருக்கான்."

உலகம்மை போனை வைத்தாள். முன்னால் வந்து நின்ற புகார்தாரரிடம், "பத்து நிமிசத்துல வாரேன்," என்று சொல்லிவிட்டு ஆபீஸை விட்டு இறங்கினாள். பத்து நிமிடத்தில் திரும்புகிற நடை அது இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மன்றத்தில் ஜெபக்கனி மதியச் சாப்பாட்டுக்கு டிபன்பாக்ஸைத் திறந்திருந்தாள். உலகம்மை கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"அந்த மனுசனப் போடு. நான் ரெண்டு கேள்வி கேக்கணும்."

"அக்கா, இன்னிக்கு உங்க முறை இல்ல. அப்படியெல்லாம் போட முடியாது."

"ஒரு ஆளு செத்துட்டான் ஜெபக்கனி! நாப்பத்திமூணு வயசு. நடுரோட்டுல, பஸ்ல. எங்க அப்பா ரெண்டு மாசத்துக்கு முன்னால சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எதிர்ச்சாரியில பாய விரிச்சுப் படுத்திருப்பான். உசுரோட இருக்கும்போதும் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல, செத்த பொறவும் குடுக்க மாட்டேன்னு நிக்காரே, இவரு என்ன மனுசன்? கடையத் தலையில தூக்கிட்டா போவப் போறாரு?"

கத்தி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பாவின் மீது அவள் இப்படிக் கத்தியதே இல்லை. அவர் இருந்தவரை தைரியம் வந்ததில்லை. இப்போது கத்தி யாருக்கு என்ன லாபம்? நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெபக்கனி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். டிபன்பாக்ஸை மூடினாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு வேல போயிரும்," என்றாள். "அது உங்க அப்பா சொன்னது இல்லக்கா."

"எது?"

"இந்த வேண்டாம் எல்லாமே."

உலகம்மை அவளை முறைத்தாள்.

"இங்க பாருங்க. மறுகுரலுக்கு உங்க அப்பா பேசின பேச்சுதான் ஆதாரம். இருவத்திரண்டு வருசமா அவங்க செல்லு கேட்டது. எதப் பத்தி அவங்க பேசியிருக்காங்களோ அதுல இது அச்சு அசல் அவங்கதான். பித்தள என்ன விலை, எந்தக் கம்பெனி குக்கர் மூணு மாசத்துல விசில் அடிக்காதுன்னு கேளுங்க, அப்படியே சொல்லும். ஆனா குடுக்கிறதப் பத்தி, தானம் தர்மத்தப் பத்தி உங்க அப்பா பேசினதுன்னு எங்ககிட்ட எவ்வளவு இருக்கு தெரியுமா? ஒரு வார்த்த கெடையாது. சுத்தமாப் பூஜ்யம்."

"பொறவு எங்கேருந்து பதில் வருது? பஜார்க்காரன் ஏசுவான், சுவத்துல கிறுக்கும்னு இவ்வளவு வக்கணையாச் சொல்லுதே?"

"வெறுமையா விட முடியாதுன்னு அத நெரப்பி வச்சிருக்காங்க. எதிர்ல உக்காந்திருக்கவங்க குரலு, மூஞ்சி, மூச்சு எல்லாத்தையும் அது பாக்கும். அவங்க என்ன பதில் வரும்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்காங்களோ, அந்தப் பதில அப்பா குரல்ல சொல்லிரும். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு இதனால ஒரு கஷ்டமும் இல்ல. எங்க அம்மா சரின்னுதான் சொல்லுவாவன்னு வருவாங்க, அம்மாவும் சரின்னு சொல்லும், கையெழுத்தப் போட்டுட்டுச் சந்தோசமாப் போயிருவாங்க."

"நானும் சரின்னு சொல்லணும்னுதான வந்தேன்!"

"நீங்க ஆசப்பட்டீங்க அக்கா. எதிர்பாக்கல."

ஜெபக்கனி மேஜையில் எதையோ தட்டினாள். அறைக்குள் உலகம்மையின் குரலே கேட்டது. முதல் தடவை வந்தபோது பேசியது. "அப்பா, உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் கேக்கேன்..." அடுத்து இரண்டாவது தடவை. "அப்பா, பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்..." மூன்றாவது. நாலாவது. ஏழாவது தடவை, "நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவிய, ஆனாலும்..." பதினோரு தடவையும் அவள் அப்படித்தான் ஆரம்பித்திருந்தாள். அவள் வீட்டில் அப்பாவிடம் எதையாவது கேட்பது என்றால் அப்படித்தான் கேட்பார்கள். அம்மாவும் அப்படித்தான் கேட்டுச் செத்தாள். வேறு மாதிரி கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

"நிறுத்து," என்றாள் உலகம்மை.

"அக்கா..."

"நிறுத்துன்னு சொல்லுதேம்லா!"

கொம்பையாவுக்குப் படுக்க இடம் கிடைக்காமல் செய்தது செத்த அப்பன் இல்லை, இருக்கிற மகள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல், எழுந்து வெளியே நடந்தாள்.

கால் அவளை விடுதிக்குத்தான் கொண்டுபோயிற்று. அங்கே சாமான்களை மூட்டை கட்டிக் கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் இந்த மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டாராம். வாசலில் வெயிலில் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இரண்டு அண்டா, நாலைந்து போசி, வாளி, கரண்டிகள், இருபது முப்பது தட்டு, தம்ளர்.

புஷ்பம் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கணக்காகத் தட்டுகளை அடுக்கிக் கொண்டிருந்தாள். உலகம்மையைப் பார்த்ததும், "வாம்மா," என்றாள்.

"சிஸ்டர், கொம்பையாவக் கொன்னது நாந்தான்."

"நீயும் கொல்லல, நானும் கொல்லல. அப்படிப் பாத்தா அந்த பஸ்காரனத் தூக்குல போடணும். அந்த அண்டாவ அந்தப் பக்கம் பிடி, உள்ள வைக்கணும்."

உலகம்மை குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாத்திரக்கடைக்காரன் மகளுக்குப் பாத்திரத்தைப் பார்த்ததும் கண் முதலில் போவது பெயருக்குத்தான். பெயர் வெட்டாத பாத்திரம் இந்தச் சீமையில் ஏது? கல்யாணத்துக்குக் கொடுக்கிற தம்ளரில்கூடத் தாய்மாமன் பெயர் வேண்டும். தர்மத்துக்குக் கொடுக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். உபயம் இன்னார், இன்னார் மகன், இன்ன தெரு என்று விளிம்பு முழுக்க வெட்டச் சொல்வார்கள். இடம் போதவில்லை என்று இன்னும் பெரிய பாத்திரம் வாங்கினவர்கள் உண்டு. இந்த அண்டாவில் பெயர் இல்லை. போசியைத் திருப்பினாள், அதிலும் இல்லை. ஒரு தட்டில்கூட, ஒரு கரண்டியில்கூட இல்லை. ஆனால் கவிழ்த்திருந்த அண்டாவின் அடிப்பக்கத்தில் ஆணியால் அடித்த மாதிரி மூன்று சின்னப் புள்ளிகள் இருந்தன. முக்கோணமாக. போசியின் அடியிலும் இருந்தன. முதலில் வந்தபோது இவை அடுப்பின் மேல் இருந்தன, விளிம்பையோ அடியையோ பார்க்க வழியில்லை.

ஆவுடையப்பன் கடையின் அடையாளம் அது. எடை போட்டுச் சரிபார்த்த பாத்திரத்தில் அவரே உட்கார்ந்து அடிக்கிற புள்ளி.

"சிஸ்டர், இதெல்லாம் எங்க வாங்குனது?"

"எங்க வாங்க? எல்லாம் ஒரு அண்ணாச்சி கொண்டாந்து குடுத்தாவ. பதினெட்டு வருசமா. அடி பிடிச்சு ஓட்டை விழுந்துட்டுன்னா அவ்வொளுக்கு எப்படித்தான் தெரியுமோ, அடுத்த வாரம் புது அண்டாவோட வந்து நிப்பாவ. அரிசியும் தருவாவ. பேரு கேட்டா சொல்ல மாட்டாவ. உபயம்னு போடட்டுமான்னு கேட்டேன். பேரு வெட்டுனா தேய்க்கும்போது அழுக்குச் சேரும், வேண்டாம்னுட்டாவ."

உலகம்மை செல்லை எடுத்து அப்பாவின் படத்தைக் காட்டினாள். புஷ்பம் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இவ்வொதான்! ஒரு வருசமா ஆளக் காணும். எம்மேல ஏதும் வருத்தமோன்னு நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சவுகளா?"

"எங்க அப்பா."

புஷ்பம் அடுக்கிய தட்டுகளைக் கீழே வைத்தாள்.

"உங்க அப்பாவா? நீ தார கடை அண்ணாச்சி கடையா? ஒரு போன் பண்ணணும்னு எத்தன தடவ நம்பரு கேட்டிருப்பேன் தெரியுமா? செல்லு கொண்டுவரலம்மான்னே சொல்லுவாவ. ஒரு நாள் பொறுக்காமக் கேட்டேன், ஏன் அண்ணாச்சி எப்பவும் செல்ல விட்டுட்டே வாறியன்னு. அது கல்லாவுல கெடக்கட்டும், அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கும், இத ஏன் அது கேக்கணும்னாவ."

உலகம்மை வெறுந்தரையில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. கஞ்சன், கல்நெஞ்சன் என்று ஊரோடு சேர்ந்து தானும் சொன்னதற்கும், கொம்பையாவுக்கும், எதற்கு என்பது உலகம்மைக்குத் தெரியும் என்று எழுதி வைத்த அந்த ஒற்றை வரிக்கும் சேர்த்து அழுதாள். சமையலறையையும் கக்கூஸையும் பார்த்து அவள் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாளே, அதைத்தான் அவர் பதினெட்டு வருடத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்? அழுகையோடு அழுகையாக அந்தக் கோபமும் இருந்தது.

புஷ்பம் அவள் தோளைத் தட்டிவிட்டு, மிச்சத் தட்டுகளை அடுக்கப் போனாள்.

பன்னிரண்டாவது தடவை மன்றத்துக்குப் போனபோது உலகம்மை முறைப்படி டோக்கன் வாங்கிக்கொண்டாள். திரையில் அப்பா இடது காதைத் திருப்பிக்கொண்டார். வழக்கமாக ஆரம்பிக்கிற வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அப்பா, கடைய அந்த விடுதிக்குக் குடுக்கேன்," என்றாள்.

திரையில் இருந்தவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"சரி, குடு தாயி," என்றார்.

தாயி. ஊரில் ஒவ்வொரு அப்பனும் மகளை வாய்க்கு வாய் தாயி என்பான். எதிர்வீட்டு மாமா அவர் மகளைக் கூப்பிடும்போதெல்லாம் சின்னவயதில் அவள் சன்னலோரமாக நின்று கேட்டிருக்கிறாள். ஆவுடையப்பனுக்கு அவள் எப்போதும் ஏளாதான். ஐம்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அது இப்போது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று நாக்கு பரபரத்தது. கேட்டால் சொல்லும். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லும்.

கேட்கவில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

"சம்மதம் வந்துட்டுன்னா மறுகுரல மூடி முத்திர வச்சிருவோம் அக்கா," என்றாள் ஜெபக்கனி தயங்கித் தயங்கி. "அதுக்கு முன்னால ஏதாவது பேசணும்னா அஞ்சு நிமிசம் உண்டு."

"இதுகிட்ட என்ன பேச?"

"இல்ல, நெசமாவே உங்க அப்பா உக்காந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு..."

"எங்க அப்பாவா?" உலகம்மை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாவ. சாவியத் தூக்கிட்டுப் போயிருப்பாவ."

கடைச்சாவிக் கொத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கொம்பையாவின் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் என்று கொண்டுவந்தது. இனி ஆலங்குளம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாசல்வரை போனவளை ஜெபக்கனி கூப்பிட்டாள்.

"அக்கா, செல்ல மேசையிலயே விட்டுட்டுப் போறீங்க!"

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். மேஜையின் மேல், கையெழுத்துப் போட்ட காகிதங்களுக்குப் பக்கத்தில், அது விளக்கெரிந்தபடி கிடந்தது.

"கெடக்கட்டும்," என்றாள். "சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன்."